வேலும் நங்கூரமும் அடித்த கதிரைகள்

மெசினும் நானும் ஒரே லொறியில்தான் வேலணைத் தீவுக்கு வந்து இறங்கினோம்.

கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் பல வருடம் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய்களில் அங்கே அளவுக்கோடுகள் அச்சடிப்பார்கள். கோடுகள் அழியாமல் நிற்க வேண்டுமானால், அச்சடிப்பதற்கு முன் குழாய்களைப் பிளாஸ்மா மெசினில் காட்டி எடுக்க வேண்டும். காட்டி எடுக்கிற வேலை என்னுடையது. தொழிற்சாலைக்குப் புதிய மெசின்கள் வந்தபோது, பழையவற்றில் சின்னது ஒன்றை விற்கப் போட்டார்கள். அதே நாட்களில் எனக்கும் அந்த இடம் அலுத்துப் போயிருந்தது. வேலணையில் அச்சுக்கடை வைத்திருக்கும் என் அண்ணைக்கு டெலிபோன் எடுத்தேன்.

"உங்கடை வாளியிலை எழுத்து அழியிற வருத்தத்துக்கு மருந்து கிடைச்சிருக்கு" என்றேன்.

"என்ன மருந்து?"

"ஒரு பெட்டியும் நானும்."

பெட்டியைப் பல நாள் யோசித்துத்தான் வாங்கினார். தங்கச்சியான என்னை யோசிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

அண்ணையின் கடையில் வாளி, கோப்பை, தண்ணிக் கான் என்று பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெயர் அடித்துக் கொடுப்பார். மரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, அதன் வழியாக மையைத் தேய்த்து இறக்குகிற கையச்சு. கை சுத்தமான கை. ஆனால் பிளாஸ்டிக் அவரை மதிக்கவில்லை. ஒரு குடும்பம் கோயிலுக்கு வாளிகள் வாங்கிக் கொடுத்து, 'உபயம்' என்று போட்டுக் கீழே தங்கள் பரம்பரை முழுவதையும் அச்சடிக்கச் சொல்லியிருந்தது. அடுத்த திருவிழா வருவதற்குள் பரம்பரை முழுவதும் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்ததில் போய்விட, வாளியில் 'உபயம்' மட்டும் நின்றது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வாளியைக் கொண்டுவந்து கடை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனாராம். அண்ணைக்கு அது ஏச்சை விடப் பெரிய அவமானம்.

பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. அதன் மேல் விடுகிற தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தண்ணீரோடு ஒட்டாதது மையோடும் ஒட்டாது. பிளாஸ்மா மெசின் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காற்றை ஒரு குழாயால் தள்ளி, அதற்குள் கடுமையான மின்சாரத்தைப் பாய்ச்ச, முனையில் விரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு சுவாலை நிற்கும். பார்த்தால் நெருப்பு, ஆனால் நெருப்பு அல்ல. அதைப் பிளாஸ்டிக்கின் மேல் ஒரே இடத்தில் நிறுத்தாமல் தடவிக்கொண்டு போனால், மேல்தோல் மட்டும் குணம் மாறிவிடும். தடவிய இடத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தால், அது உருளாமல் விரிந்து படுத்துவிடும். அந்தச் சூட்டோடு மை அடித்துவிட வேண்டும். நாட்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக் மறுபடி தன் பழைய குணத்துக்குப் போய்விடும்.

முதல் நாள் அண்ணை ஒரு மூடியைத் தந்து, "எங்கை, காட்டு பாப்பம்" என்றார். பாதியைத் தடவினேன், பாதியை விட்டேன். இரண்டிலும் தண்ணீர் தெளித்தேன். ஒரு பக்கம் முத்து, மறு பக்கம் படலம். அண்ணை மூடியை வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். பிறகு மை அடித்து, காய வைத்து, நகத்தால் சுரண்டினார். கத்தியால் சுரண்டினார். பெயின்ற் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். மை அசையவில்லை. அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை, அவருடைய கலியாணப் படத்தில்கூட நான் காணவில்லை.

ஊர் அதற்கு 'ஒட்டு மெசின்' என்று பெயர் வைத்தது. இது ஒட்டுகிற மெசின் இல்லை, ஒட்டுவதற்கு ஆயத்தம் செய்கிற மெசின் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கொண்டுவந்தார்கள். வெடித்த பேசினைக் கொண்டுவந்தார்கள். ஒரு அக்கா வெறுங்கையோடு வந்து, "பிள்ளை, உந்த மெசினை என்ரை மனிசன்ரை காதுக்குள்ளை ஒருக்காப் பிடிச்சால், நான் சொல்லுறது கொஞ்சமெண்டாலும் ஒட்டுமோ?" என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

கதிரைக்காரர் இருவரும் வந்தது அந்த நாட்களில்தான்.

முதலில் வந்தவர், பக்கத்து ஊரான சரவணைக்காரர். தோட்டமும் செய்து, பந்தலும் பிளாஸ்டிக் கதிரைகளும் வாடகைக்கு விடுபவர். அறுபதை எட்டுகிற வயது, நெற்றி நிறைய விபூதி, பேச்சு மட்டும் அளந்துதான் வரும். ஒரு வெள்ளைக் கதிரையை முன்னால் வைத்து, "இதின்ரை முதுகிலை ஒரு வேல் அடிச்சுத் தரவேணும். அழியப்படாது" என்றார்.

"அழியாது ஐயா."

"பெயின்ற் அடிச்சுப் பாத்திட்டன். அழியுது. சுட்டுக் குறி வைச்சுப் பாத்தன். கதிரை ஓட்டையாப் போச்சு."

"இது அழியாது."

"அப்ப நல்லது. இனி அந்த ஊர்காவற்றுறையானோடை வாய் குடுக்கத் தேவையில்லை."

ஊர்காவற்றுறையான் என்று அவர் சொன்னது தன் சொந்தத் தங்கையின் கணவரை. இது தீவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை அவர்தான் வளர்த்தார். தங்கை, ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் ஒருவரை விரும்பி, தேவாலயத்தில் தாலி கட்டிக்கொண்டார். அண்ணன் போகவில்லை. அதற்குப் பிறகு தங்கையோடு பேச்சும் இல்லை. காலப்போக்கில் அந்த மாப்பிள்ளை, கடல் தொழிலோடு சேர்த்துக் கதிரை வாடகையும் தொடங்கினார். மைத்துனரின் மேலுள்ள கோபத்தில் தொடங்கினார் என்று சிலரும், மைத்துனரைப் பார்த்துத்தான் தொடங்கினார் என்று சிலரும் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கலியாண வீடு என்றால் ஒருவருடைய கதிரை காணாது. இருவரிடமும் எடுப்பார்கள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அச்சு. விசேஷம் முடிந்த பிறகு இரண்டு பேரும் பந்தலுக்குள் நின்று கதிரை பிரிப்பார்கள். அதை ஒரு செத்த வீட்டில் நானே பார்த்திருக்கிறேன்.

"இது என்ரை. இதிலைதான் விதானையார் இருந்து பின்கால் வெடிச்சது" என்றார் சரவணைக்காரர்.

"வெடிச்சது என்ரை கதிரை. உம்மடையிலை இருந்தவர் சறுக்கியெல்லே விழுந்தவர்."

"அது வேறை விதானையார்."

ஊர் அதிகாரியான விதானையார் இருந்த கதிரைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு வரலாறு இருந்தது. எந்தக் கையில் சுருட்டுச் சூடு, எதன் காலை நாய் கடித்தது, எதில் எந்த மாப்பிள்ளை பாயாசம் ஊற்றினார் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லி, சண்டை பிடித்து, பிரித்து முடிக்க அரை நாள் போகும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் சரவணைக்காரர் எங்களிடம் வந்தார்.

அவர் போய் இரண்டு நாள் கழியவில்லை. ஊர்காவற்றுறைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வெயிலில் கறுத்த, உரத்துப் பேசுகிற மனிதர்.

"அந்தாள் வந்தவராம், என்ன? எனக்கும் வேணும். எனக்கு நங்கூரம்."

"அடிச்சுத் தாறம்" என்றார் அண்ணை.

"வடிவா அடியுங்கோ. இனி அந்த மனிசனோடை நிண்டு தொண்டை கிழிய ஏலாது எனக்கு."

இருவருடைய கதிரைகளும் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. கடைக்குப் பின்னால் உள்ள வளவில், கிழக்கு மதிலோடு சரவணைக் கதிரைகளையும், மேற்கு மதிலோடு ஊர்காவற்றுறைக் கதிரைகளையும் அவரவர் ஆட்களே அடுக்கிவிட்டுப் போனார்கள். தூசியும் எண்ணெயும் இருந்தால் பிளாஸ்மா சரியாகப் பிடிக்காது. அதனால் முதலில் முதுகுகளைத் துடைக்கத் தொடங்கினேன். பழைய பெயின்றின் தடயம் இரண்டு பக்கத்துக் கதிரைகளிலும் மங்கலாகத் தெரிந்தது. வெயிலில் உதிர்ந்ததுபோல அது இல்லை. யாரோ வட்டம் வட்டமாக உரஞ்சியதுபோல இருந்தது.

அப்படி நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "பிள்ளை, அண்ணை நிக்கிறாரே?" என்று ஒரு குரல் கேட்டது. கையில் ஒரு பையோடு ஒரு அம்மா நின்றார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்த வியர்வை முகத்தில் இருந்தது.

"அண்ணை யாழ்ப்பாணத்துக்கு மை எடுக்கப் போயிட்டார்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று, அடுக்கிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பைக்குள் இருந்து ஒரு கருவாட்டுப் பொதியை எடுத்து என் மேசையில் வைத்தார். மை மணமும் கருவாட்டு மணமும் சேர்ந்து ஒரு புது மணம் வந்தது. "நான் ஊர்காவற்றுறையிலை இருந்து வாறன். சரவணைதான் நான் பிறந்த இடம்."

எனக்கு விளங்கிவிட்டது.

"உந்த மெசினைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். தண்ணீர் முத்து, தண்ணீர் படலம், எல்லாம் செய்து காட்டினேன். கடையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு மூடியை எடுத்து, அதில் இருந்த எழுத்தைத் தன் பைக்குள் இருந்த கம்பி நாரால் உரஞ்சிப் பார்த்தார். பஸ்ஸில் பயணம் வருகிற ஒருவர் சட்டி தேய்க்கிற கம்பி நாரோடு ஏன் வருகிறார் என்று நான் யோசிப்பதற்குள், அவரே நாரை மடியில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"போகுதில்லைத் தானே."

"போகாது அம்மா. அதுக்குத்தானே மெசின்."

"உம்மடை மெசின் என்ரை குடும்பத்தைக் கெடுக்கப் போகுது, பிள்ளை."

பிறகு சொன்னார். இவ்வளவு காலமும் கதிரைகளில் இருந்த அடையாளத்தை உரஞ்சினது அவர்தானாம். விசேஷ வீடுகளுக்குக் கணவரோடு கோப்பை எண்ண, குசினியில் உதவி செய்ய என்று போவாராம். ஆட்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, கம்பி நாரோடு பந்தலுக்குள் வருவாராம். அண்ணனின் கதிரையையும் உரஞ்சுவார், கணவனின் கதிரையையும் உரஞ்சுவார். உரஞ்சி, கலந்தும் விடுவார்.

"ஏன் அம்மா?"

"கதிரை பிரிக்கேக்கை மட்டுந்தான், பிள்ளை, அவை ரெண்டு பேரும் கதைக்கிறவை."

நான் சிரிக்கத் தொடங்கியவள், அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"ஒருக்கா எனக்கு வயித்திலை ஒப்பரேசன். நான் வீட்டிலை கிடக்கிறன். ஒரு செத்த வீட்டு அந்தியேட்டியிலை கதிரை பிரிக்கேக்கை என்ரை அண்ணை இவரைக் கேட்டவராம், 'உங்கடை பக்கத்திலை ஒரு கதிரை உடைஞ்சு தைச்சதெண்டு கேள்விப்பட்டன், இப்ப என்னமாதிரி?' எண்டு. இவர் சொன்னவராம், 'தைச்சது நல்லாத்தான் இருக்கு, இப்ப எழும்பி நடக்குது' எண்டு. கதிரையை ஆரும் தைக்கிறவையே? கதிரை எழும்பி நடக்குமே?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"இவர் அதை வந்து எனக்குச் சொல்லேக்கை, நான் தையலைப் பிடிச்சுக்கொண்டு அழுதனான். இப்ப நீங்கள் வேலும் நங்கூரமும் அழியாமல் அடிச்சுவிட்டால், கதிரையைச் சின்னப் பிள்ளையும் பிரிச்சுப் போடும். பிறகு என்னத்தைக் கதைக்கப் போயினம்? கொஞ்சம் அழியிற மாதிரி அடிச்சுத் தரமாட்டீரே?"

அது மட்டும் முடியாது என்றேன். இது தொழில். அடித்தது அழிந்தால் அண்ணையின் கடைக்கு மறுபடி வாளி கவிழும். அம்மா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து வளவுக்குள் போய், கிழக்கு மதிலையும் மேற்கு மதிலையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வலையை எங்கே போடலாம் என்று கடலைப் பார்க்கிறவர்களின் பார்வை அது. கலியாணம் கட்டிப்போன வீட்டில் பழகியிருக்க வேண்டும்.

"நீர் ஒண்டும் செய்யவேண்டாம், பிள்ளை. உமக்குக் கடையிலை ஏதும் வாங்கிறதுக்கு இல்லையே?"

எனக்கு விளங்கியது. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. "கத்தரிக்காய் வாங்கவேணும்" என்றேன்.

"நல்லாப் பாத்து வாங்கும். அவசரப்படாதையும். இளசாப் பாத்து எடும்."

நான் கத்தரிக்காய் வாங்கப் போனேன். அவ்வளவு ஆற அமரக் கத்தரிக்காய் வாங்கியவளை அந்தக் கடைக்காரர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அவர், "பிள்ளை, அது தேங்காய் இல்லை" என்றார். திரும்பி வந்தபோது, அம்மா அதே கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு மதில் அடுக்குகளும் முன்பு நின்ற அதே உயரத்தில் நின்றன.

"எண்ணிக்கை பிசகேல்லை. அங்காலை எத்தினை போனதோ, இஞ்சாலை அத்தினை வந்தது. ஒருத்தருக்கும் நட்டமில்லை" என்றார். "நல்ல, பேர்போன கதிரையளாப் பாத்துத்தான் மாத்தினனான்."

அண்ணை மையோடு வந்தார். அடுத்த நாள் வேலை தொடங்கியது. நான் தடவ, அவர் அடிக்க, கிழக்கு அடுக்கு முழுவதும் வேல், மேற்கு அடுக்கு முழுவதும் நங்கூரம். என் வாழ்க்கையில் பிழையான ஒரு வேலையை அவ்வளவு திறமாகச் செய்ததில்லை. ஒவ்வொரு முதுகிலும் தண்ணீர் தெளித்து, விரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தடவினேன். விதானையார் வெடிக்க வைத்த சரவணைக் கதிரை இப்போது மேற்கு அடுக்கில் நின்றது. அதற்கு நங்கூரம் அடித்தபோது அண்ணை, "என்னடி சிரிக்கிறாய்?" என்றார். "மெசின்ரை மணம் மூக்கிலை ஏறுது" என்றேன். மின்னல் அடித்த பிறகு வருமே ஒரு மணம், அந்த மெசினுக்கும் அதே மணம். அன்று நல்ல சாட்டாக உதவியது.

இருவரும் வந்து கதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சரவணைக்காரர் ஒரு வேல் படத்தை விரலால் தடவிப் பார்த்து, "திறம்" என்றார். அவர் வாயில் அது ஒரு பெரிய பேச்சு.

பிறகு புங்குடுதீவில் ஒரு கலியாணம். இருவருடைய கதிரைகளும் போயின. கலியாணம் நடந்தது வியாழக்கிழமை. அடுத்த நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் பின்னால் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு வண்டி பெரிய சத்தத்தோடு வந்து வாசலில் நின்றது. பெட்டி நிறையக் கதிரை. ஓட்டி வந்தவர் ஊர்காவற்றுறைக்காரர். அவருக்குப் பக்கத்தில், ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் தன் சால்வையையும் பிடித்தபடி, சரவணைக்காரர் இருந்தார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரு வண்டியிலை வருகினம்!" என்றார். நான் மெசினுக்குப் பின்னால் குனிந்து, தேவையில்லாத ஒரு திருகாணியை இறுக்கினேன்.

விதானையாரின் கதிரையை முதலில் இறக்கினார்கள்.

"இது என்ன?" என்றார் சரவணைக்காரர்.

"நங்கூரம்" என்றார் அண்ணை.

"நங்கூரந்தான். ஆனால் கதிரை என்ரை."

"இந்தா, இது வேல்" என்று ஊர்காவற்றுறைக்காரர் இன்னொன்றை இறக்கினார். "படம் அவரின்ரை. கதிரை என்ரை. நாய் கடிச்ச கால் தெரியுதோ? என்ரை வீட்டு நாய்தான் கடிச்சது. என்ரை நாய்க்குக்கூடத் தெரியும் இது ஆரின்ரை கதிரையெண்டு!"

அண்ணை பதறிப்போனார். "நீங்கள் அடுக்கினபடிதான் ஐயா நாங்கள் அடிச்சது. அங்காலை வேல், இஞ்சாலை நங்கூரம்."

"அப்ப என்ரை ஆக்கள் பிழையா அடுக்கினவையோ?"

"என்ரை ஆக்கள் பிழை விடமாட்டினம்" என்றார் மற்றவர்.

"என்ரை ஆக்கள் விடுவினமோ?"

சண்டை இப்போது பழைய வழிக்குத் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. இருவரும் ஒன்றாக அண்ணை பக்கம் திரும்பினார்கள்.

"படத்தை அழிச்சுத் தாரும்" என்றார்கள்.

அழிக்க முடியாது என்று நான் சொன்னேன். நம்பவில்லை. தின்னர் கேட்டார்கள், கொடுத்தேன். பெற்றோல் எடுத்தார்கள். சாம்பல், மணல், தேங்காய்ப் பொச்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. சரவணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். ஊர்காவற்றுறைக்காரர் மீன் வெட்டுகிற கத்தி ஒன்றை வண்டியிலிருந்து கொண்டுவந்து சுரண்டினார். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்ததே தவிர, நங்கூரம் நங்கூரமாகவே நின்றது.

இந்த இடத்தில் அண்ணை ஒரு வேலை செய்தார். தன்னை மறந்து, "பாத்தியளே! போகாது!" என்று கைதட்டிவிட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்த பார்வையில், அண்ணை பிளேன்ரீத் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார்.

மறுபடி குனிந்து சுரண்டினார்கள். கதிரை அங்குமிங்கும் ஆடியது. "மச்சான், நீர் ஒருக்கா இறுக்கிப் பிடியும், நான் அடியாலை ஒரு இழுவை இழுக்கிறன்" என்றார் ஊர்காவற்றுறைக்காரர்.

சொல்லிவிட்டுத் தானே நின்றுவிட்டார். இவ்வளவு காலமும் 'அந்தாள்', 'உம்மை', 'இஞ்சேரும்' தவிர வேறு சொல் அவர் வாயில் வந்ததில்லை. கத்தி கையில் அப்படியே நின்றது. சரவணைக்காரர் அவரைப் பார்க்கவில்லை. கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து, முழங்காலை அதன்மேல் ஊன்றி, "இழும்" என்றார்.

இழுத்தார். அழியவில்லை.

பிளேன்ரீ வந்தது. வேலடித்த கதிரை ஒன்றிலும் நங்கூரமடித்த கதிரை ஒன்றிலும் இருந்து குடித்தார்கள். யார் எதில் இருந்தார் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

"எண்ணிக்கை சரிதானே. படத்தின்படி எடுத்துக்கொண்டு போவம். வீண் கரைச்சல்" என்றார் ஊர்காவற்றுறைக்காரர்.

"எண்ணிக்கை சரி. ஆனா விதானையாரின்ரை கதிரையை நான் விடேலாது."

"பின்கால் வெடிச்ச கதிரையை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

"அது என்ரை வீட்டுச் சாமான். வெடிச்சாலும் என்ரை."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, மதிலில் ஏறிய அணிலைப் பார்த்தேன்.

அப்போது ஊர்காவற்றுறைக்காரரின் டெலிபோன் அடித்தது. கடல் இரைச்சலுக்குப் பழகியவர் என்பதால் சத்தம் முழுவதையும் கூட்டித்தான் வைத்திருப்பார். மறுபக்கத்துக் குரல் வளவு முழுக்கக் கேட்டது.

"இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்? சமைச்சு முடிஞ்சுது."

"வேலணையிலை. அச்சுக் கடையிலை."

"தனியவோ?"

அவர் மைத்துனரைப் பார்த்தார். "இல்லை. உன்ரை அண்ணையும் நிக்கிறார்."

மறுபக்கத்தில் ஒரு சட்டி மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோவன். சோறு ஆறுது" என்றது குரல்.

அவர் டெலிபோனைச் சட்டைப்பையில் போட்டார். சரவணைக்காரரைப் பாராமல், விதானையாரின் கதிரையைப் பார்த்து, "சோறு ஆறுதாம்" என்றார்.

சரவணைக்காரர் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "ஆறின சோறு எனக்குச் செமிக்காது" என்றார். போய் லான்ட்மாஸ்டரில் ஏறி இருந்தார்.

கதிரைகளை எங்கள் வளவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி அம்மா பிறகு டெலிபோனில் சொன்னார். அண்ணன் வாசலில் கால் கழுவினாராம். உள்ளே வந்து, சுவரில் இருந்த யேசுநாதர் படத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கும்பிடு போட்டாராம். தங்கையோடு நேரே பேசவில்லை. தங்கையின் மகளைப் பார்த்து, "தண்ணி தா, பிள்ளை" என்றாராம். கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தரம் தங்கை அகப்பையோடு கிட்டப் போக, "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார். அதுதான் அவர் தங்கைக்குச் சொன்ன முதல் பேச்சு.

"நானும் விடேல்லை, பிள்ளை. 'எப்பவும் போலத்தான் போட்டனான்' எண்டு சொன்னனான்" என்றார் அம்மா.

நான் ஒரு கேள்வி கேட்டேன். வெள்ளிக்கிழமை சரவணைக்காரர் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கடலுக்குப் போகிற வீட்டில், வெள்ளிக்கிழமை என்றால் மீன் இல்லாமல் உலை வைப்பதில்லை. பேச்சில்லாத அண்ணன் வருவார் என்று தெரியாமலே, அன்றைக்கு ஏன் மரக்கறி சமைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை கலியாணம் எண்டால், வெள்ளிக்கிழமை காலமை கதிரை பிரிப்பினம். படத்தைக் கண்டால் உங்கை வருவினம். உங்கை வந்தால் அழிக்கப் பாப்பினம். அழியாது எண்டு நீர்தானே சொன்னனீர்" என்றார் அம்மா. "இவருக்குத்தான் பாவம், மீனில்லாத சோறு. ஒண்டும் கேளாமல் சாப்பிட்டவர்."

என் அண்ணைக்கு விசயம் விளங்க ஒரு வாரம் எடுத்தது. கத்தரிக்காய்க் கடைக்காரர்தான் காட்டிக்கொடுத்தார்; அவர் கடையிலிருந்து எங்கள் வளவு தெரியும். அன்றைக்கு உங்கள் தங்கச்சி கத்தரிக்காய்க்குச் சாதகம் பார்த்தவ, அந்த நேரம் ஒரு அம்மா உங்கள் வளவுக்குள் கதிரை தூக்கிக்கொண்டு திரிந்தவ, என்ன விசயம் என்று கேட்டிருக்கிறார். அண்ணை வந்து மெசினின் சுவிச்சை நிறுத்திவிட்டு என் முன்னால் நின்றார்.

"உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"அப்ப எனக்கேன் சொல்லேல்லை? அவை ரெண்டு பேரும் கத்தியோடை நிக்க, நான் ஒண்டும் தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

"சொல்லியிருந்தால் முழிச்சிருக்க மாட்டியள். சிரிச்சிருப்பியள். உங்களுக்குச் சிரிப்பை அடக்க ஏலாது."

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "கதிரையைத் தைச்சதாமே!" என்றார். அம்மா சொன்ன கதை, கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் அவருடைய மனைவியான மச்சாளிடம் சொல்ல, மச்சாள் வழியாக அவருக்கும் போயிருந்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அச்சுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். வாளிக்குப் பெயர் அடிக்க வந்து வாசலில் நின்ற ஒருவர், பிழையான நேரத்தில் வந்துவிட்டேனோ என்று கேட்டார்.